அடுத்த பேருந்துக்கு முன்: செஞ்சியில் ஒரு வேளை நல்ல சாப்பாடு

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடும் திட்டம் ஆண்டுக்கணக்கில் முடியாமல் நிற்கிறது. அதனால் இந்த ஊருக்கு வருகிறவர்களும் சரி, இந்த ஊரைக் கடந்து போகிறவர்களும் சரி, சாலை வழியாகத்தான் வரவேண்டும். சென்னை விமான நிலையத்தில் இறங்கித் திருவண்ணாமலைக்குக் கார் பிடிப்பவர்கள், புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள், மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் எல்லோருக்கும் செஞ்சி நடுவழி. மீனம்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் 28 கிலோமீட்டர். வந்து சேரும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும், பசி எடுத்திருக்கும். திருவண்ணாமலைக்கு இன்னும் 40 கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பலரும் செஞ்சியைத் தாண்டிவிடுகிறார்கள்.

தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று செஞ்சி. அதன்பிறகு கோட்டையின் ராஜகிரி மலையைப் பற்றியும் உள்ளே இருக்கும் கல்யாண மகாலைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். கோட்டை ஏறி இறங்கியவர் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுவது என்று எழுதியவர்கள் குறைவு. கோட்டைக்குள்ளே போனால் பெரிய நெற்களஞ்சியத்தை அவசியம் பாருங்கள். பருத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இறங்கி நின்றால் வெயில் தெரியாத குளிர்ச்சி. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை சுற்றி நின்றபோது மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்கள் தாக்குப்பிடித்தது மதிலால் மட்டும் என்று நினைக்கவேண்டாம். சோறு இருந்தால்தான் மதில் நிற்கும். அந்த ஊரில் இன்று ஒரு வேளைச் சோறு தேடுகிறோம்.

இந்த அத்தியாயத்தில் ஒரு கடையின் பெயர்கூட இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். சின்ன ஊர்க் கடைகள் கைமாறும். கை மாறாவிட்டாலும் மாஸ்டர் மாறுவார். பரோட்டா மாஸ்டர் வேறு ஊருக்குப் போன மறுநாளே அந்தக் கடையின் பரோட்டா வேறு பரோட்டா. பெயர்ப்பலகையை நம்பிப் போகிறவருக்கு இது தெரியாது. தினமும் அங்கே சாப்பிடுகிறவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பெயரைச் சொல்வதைவிடக் கடையைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும். இந்தப் புத்தகம் பழையதானாலும் அது உதவும்.

யார் காசு?

வழிப்பயணிகளிடையே ஒரு பழைய யோசனை உண்டு: டிரைவர் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடு. லாரி டிரைவருக்கு அது பொருந்தும். பேருந்துக்குப் பொருந்தாது. நெடுஞ்சாலை மோட்டல்களில் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம் என்பது ஊரறிந்த வழக்கம். அவர்கள் அங்கே சாப்பிடுவதால் உங்களுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. 

பார்க்கவேண்டியது, தன் சட்டைப்பையிலிருந்து காசெடுத்து, தினமும், அதே கடையில் சாப்பிடுகிறவர் யார் என்பதைத்தான். செஞ்சியில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. இது நெல் ஊர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இங்கே யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. ‘கமிட்டி’ என்றுதான் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்கும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வயிறு நிறையவேண்டும், விலை கட்டுப்படியாகவேண்டும், மறுநாள் வேலைக்கு வரவேண்டும் என்பதால் உடம்புக்கும் ஒத்துக்கொள்ளவேண்டும். இந்த மூன்றிலும் தேறிய கடையில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். அடுத்து, ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள். இது தாலுகா தலைமையூர் என்பதால் அலுவலகங்களுக்கு மனுவோடு வருகிற கிராமத்து ஆட்களும், அந்த வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரிடம் கேளுங்கள். 

கேட்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “இங்க நல்ல ஓட்டல் எதுண்ணே?” என்று கேட்டால், உங்கள் சட்டையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, ஏசி போட்ட கடையைக் காட்டுவார். அவர் ஏமாற்றவில்லை, விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார். “அண்ணே, நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும். 

இது செஞ்சிக்கு மட்டும் உரிய வழியும் இல்லை. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தில் சில மணி நேரம் இடைநிற்கிறவர்கள் வெளியே வந்து சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்கு நாசி லெமாக் சாப்பிடப் போவார்கள். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் வரிசையில் நிற்பவர்களில் அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் கடையைத் தேர்ந்தெடுப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள். நம் ஊரில் கடைகள் ஒரே கூரையின்கீழ் இல்லை, தெருவில் சிதறிக் கிடக்கின்றன. கால் கொஞ்சம் நடக்கவேண்டும். பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கும் முதல் கடையில் நுழைந்துவிடாமல் காந்தி பஜார் பக்கம் ஐந்து நிமிடம் நடங்கள்.

எந்த நேரத்தில் எது

நல்ல கடையில் மோசமான சாப்பாடு சாப்பிட்டேன் என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் தப்பான நேரத்தில் போனவர்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அது அடுப்பிலிருந்து இறங்கும் நேரம். 

இட்லிக்கு ஆறரையிலிருந்து ஒன்பது. ஒன்பதரைக்கு மேல் மிச்சமிருப்பது காலையில் வெந்தது. பத்தரை மணிக்கு நான் ஒரு தடவை, பேர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், தேங்காய்ச் சட்னியோடு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினேன். சட்னியில் லேசான புளிப்பு தெரிந்தது. தயிர் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருவண்ணாமலை போய்ச் சேருவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து, அரைத்து இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆன தேங்காய்ச் சட்னியைப் பயணத்தில் தொடுவதில்லை. கோடையில் அந்த இரண்டு மணி நேரமும் அதிகம். சந்தேகமாக இருந்தால் சாம்பாரைக் கேளுங்கள். அதையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மட்டும். சமைத்ததை 5 டிகிரிக்குக் கீழே வை அல்லது 60 டிகிரிக்கு மேலே வை, நடுவில் விடாதே என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். தெருக்கடையில் குளிர்ப்பெட்டி கிடையாது. ஆகவே நமக்குச் சூடு ஒன்றுதான் காவல்.

பத்து மணிக்கு வந்து இறங்கினால் இட்லியை மறந்துவிட்டுக் கூழுக்குப் போங்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் பிரியாணிக்குத் தம் உடைக்கும் நேரத்தில் போகவேண்டும். பன்னிரண்டு மணி வாக்கில் கடைவாசலில் நின்றால் மூடியைத் திறக்கும்போதே மணம் தெரியும். சீரகச் சம்பாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புளி சேர்த்த கத்திரிக்காய் பக்கத்தில் வந்தால் இது வட ஆற்காட்டுப் பக்கத்துக் கைவரிசை என்று தெரிந்துகொள்ளலாம். மூன்று மணிக்கு அதே அண்டாவின் அடியில் இருப்பதை விட்டுவிடலாம். 

நான்கு மணிக்கு வடை, போண்டா, பஜ்ஜி. ஆறரைக்கு மேல் பரோட்டா. இரவில் செஞ்சியைக் கடக்கிறவர்களுக்கு நான் பரோட்டாவைத்தான் சொல்வேன். மாவு கல்லில் கண்ணெதிரே வேகிறது, கை தட்டிப் பிரித்தவுடன் இலைக்கு வருகிறது, சால்னா அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. மறைப்பதற்கு இடமே இல்லாத சாப்பாடு அது. பொரித்த கோழியை அந்தக் கடையிலேயே வாங்கவேண்டுமா என்பதை எண்ணெயைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எண்ணெய் கறுத்து, கொழகொழத்து, மேலே நுரை அடங்காமல் நின்றால் அது பலமுறை காய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கழிவுப்பொருள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. விழுக்காட்டை அளக்க நம்மிடம் கருவி இல்லை. நுரையைப் பார்க்கக் கண் இருக்கிறது. பஜ்ஜியை நாளிதழில் வைத்துக் கொடுத்தால் வாழையிலை கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் கரையும்.

தள்ளுவண்டிக் கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. 14 இலக்க எண் எழுதிய தாள் வண்டியில் ஒட்டியிருந்தால் நல்லது. அந்த எண் இருப்பதாலேயே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்யும் அக்கறை இருப்பவரிடம் தண்ணீரைப் பற்றிய அக்கறையும் பெரும்பாலும் இருக்கிறது.

கூழ்

செஞ்சியில் எனக்கு ஒரே ஒரு வேளைதான் வாய்த்தது என்றால் கூழைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆடி மாதம் அம்மனுக்கு வார்க்கும் கூழ் வேறு. இது வருஷம் முழுவதும், வெயில் காலத்தில் தெருவுக்குத் தெரு, பானையை வைத்துக்கொண்டு விற்கிற கூழ்.

வேப்பமரத்து நிழல். இரண்டு பானை, வாயில் துணி கட்டியிருக்கிறது. பக்கத்தில் எவர்சில்வர் சொம்புகள் கவிழ்த்து வைத்திருக்கின்றன. 

“அக்கா, கூழ் இருக்கா?”

“இருக்குப்பா, வா. கேவுரா, கம்பா?”

கேவுரு என்றால் கேழ்வரகு. தெற்கே கேப்பை என்பதை இந்தப் பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள். கேவுரு என்று சொன்னேன். பானையிலிருந்து ஓர் உருண்டை களியை அகப்பையால் எடுத்துச் சொம்பில் போட்டார். உப்பு. மோர். கையால் பிசையாமல் மத்தால் நான்கு சுற்று. கட்டி உடைந்து, கெட்டியாகவும் இல்லாமல் நீர்த்தும் போகாமல், தட்டினால் மெல்ல அசைகிற பதத்துக்கு வந்தது. பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை மேலே தூவிக் கொடுத்தார். தட்டில் மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்க் கீற்று. கருவாடும் இருந்தது.

“மோர் இன்னும் ஊத்தட்டுமா? வெயில்ல மலை ஏறப்போறியா?”

“ஏறிட்டு வந்துட்டேன்க்கா.”

“அப்போ ரெண்டு சொம்பு குடி. ஒண்ணு பத்தாது.”

பத்தவில்லைதான். ராஜகிரி 240 மீட்டர் உயரம், படியெல்லாம் வெயில் தின்ற கல். இறங்கி வந்த உடம்புக்கு உப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கிற வேறு பண்டம் எனக்குத் தெரியாது. 

கூழ் குடிக்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற நம் பிள்ளைகள் முக்கியமாக. அவர்களுக்காகக் கூழ் எப்படி ஆகிறது என்று சொல்கிறேன். கேழ்வரகு மாவை முந்தின நாள் கரைத்துப் புளிக்க விடுவார்கள். நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவைக் கொட்டிக் கிண்டிக் களியாக்குவார்கள். நன்றாக வெந்த களி, அதிலும் புளிப்பேறியது, எளிதில் கெடாது. வம்பு வருவது கரைக்கிற தண்ணீரிலும் மோரிலும் போடுகிற ஐஸிலும்தான். ஆகவே பானையைப் பார்க்காதீர்கள், தண்ணீர்க் குடத்தைப் பாருங்கள். மூடி இருக்கிறதா, சொம்பை உள்ளே விட்டு மொள்கிறாரா, குழாய் வைத்த கேனிலிருந்து பிடிக்கிறாரா. குடித்த சொம்பை ஒரே வாளியில் முக்கி எடுக்கிறாரா, புதுத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறாரா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடியுங்கள். வயிறு பழகாத பிள்ளைகளுக்கு உங்கள் புட்டித் தண்ணீரைக் கொடுத்து அதில் கரைக்கச் சொல்லலாம். தன்மையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நாளைப் பார்த்து வாருங்கள்

வெள்ளிக்கிழமை செஞ்சியில் வாரச்சந்தை. ஆட்டுச் சந்தை பேர்போனது. பொங்கல், பக்ரீத், தீபாவளிக்கு முந்தின வாரங்களில் வெளியூர் வியாபாரிகள் இரவே வந்துவிடுவார்கள். அன்றைக்கு விடியற்காலையிலேயே டிபன் சூடாகக் கிடைக்கும். முடிந்தால் உங்கள் பயணத்தை வெள்ளிக்கிழமை விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நான் சொன்னதற்கு நன்றி சொல்வீர்கள்.

அமாவாசைக்கு மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் கிரிவலம். இந்த இரண்டு நாட்களிலும் செஞ்சி வழியாகப் போகும் கூட்டத்துக்கு அளவில்லை. கடைகளில் மொத்தமாகச் சமைத்து அண்டாவில் வைத்துவிடுவார்கள். அன்று கண்ணெதிரே வேகிற தோசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேருந்தில் இடம் கிடைப்பதும் கஷ்டம், சாப்பிட ஒதுக்கிய நேரத்தில் பாதியை நிற்பதற்கே கொடுக்கவேண்டியிருக்கும்.

இந்தச் சுற்றுவட்டாரம் தமிழ்ச் சமணர்களின் பழைய பூமி. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. திருநாதர்குன்றுப் பாறையில் தீர்த்தங்கரர்கள் 24 பேரையும் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகிறீர்கள் என்றால் பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். இருட்டியபின் உண்ணாமல் இருப்பது அவர்கள் நோன்பு.

கோட்டை வாசலில்

கோட்டை ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர், திருவண்ணாமலை சாலையில். மலைமேல் சாப்பாட்டுக் கடை இல்லை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் பிடுங்கும். பையின் உள்ளே வைத்து வாயைக் கட்டிவிடுங்கள்.

வாசலில் பருவத்தைப் பொறுத்துக் கிடைப்பவை மாறும். சித்திரை, வைகாசியில் நுங்கு. கண்ணெதிரே சீவச் சொல்லுங்கள். சீவி வைத்ததும் நறுக்கி வைத்த வெள்ளரியும் வேண்டாம். தை மாதம் பனங்கிழங்கு. மழைக்காலத்தை ஒட்டிச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து சீத்தாப்பழம் கூடைகூடையாக இறங்கும். கண் விரிந்து, அழுத்தினால் விட்டுக்கொடுக்கிற பழம் அன்றைக்கே தின்ன. கெட்டியானது ஊருக்கு எடுத்துப்போக. 

மல்லாட்டையை மறக்கவேண்டாம். வேர்க்கடலைக்கு இந்தச் சீமையில் அதுதான் பெயர். தோலோடு உப்புப் போட்டு அவித்தது, ஆவி பறக்க. விற்கிறவர் கை பருப்பில் படுவதே இல்லை, தோலை உரிப்பது நீங்கள். பேருந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தின்னுவதற்கு இதைவிடப் பத்திரமான பண்டம் இல்லை. தோலை வெளியே வீசாமல் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: நடக்க இருபது நிமிடம், சாப்பிட இருபது நிமிடம், திரும்பிவரப் பத்து. பேருந்து மாறுகிறவர் என்றால் ஒரு மணி நேரம் போதும். வந்த பேருந்திலேயே தொடர்ந்து போகிறவர் என்றால் இறங்கவேண்டாம். நடத்துநர் பத்து நிமிடம் என்று சொன்னால் அது டீக்குத்தான் காணும். காரில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சில்லறையாக நூறு, இருநூறு ரூபாய் வைத்திருங்கள். பல வண்டிகளில் ஜிபே அட்டை தொங்குகிறது என்றாலும் சிக்னல் எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை. விலையை உட்காரும் முன் கேளுங்கள், பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக, பார்சல். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரையும் சால்னாவையும் பையில் ஊற்றி ரப்பர் போட்டுச் சுற்றிக் கொடுப்பது நின்றபாடில்லை. வாங்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு சின்னத் தூக்கும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கை நீட்டினால் மாஸ்டர் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் ஊற்றுவார்.